நூற்றுக்கு மூன்று

துர்கா நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். இதய வால்வு மாற்றும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு போனவர்களை ஒவ்வொருவராக அழைத்து, அதன் பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை.

அந்த மருத்துவமனையில் இதய அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர் இளஞ்செழியன், ஒரு பொறியியல் கல்லூரி ஆட்களோடு சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. வால்வு மாற்றிய பிறகு சிலருக்குச் சிறுநீரகம் கெடுகிறது, சிலருக்குப் பக்கவாதம் வருகிறது, சிலருக்கு ரத்தக்கசிவு ஏற்படுகிறது. யாருக்கு வரும் என்று முன்னாலேயே தெரிந்தால் அவர்களை மட்டும் கூடுதலாகக் கவனிக்கலாம். பழைய நோயாளிகளின் வயது, சர்க்கரை, இதயத்தின் பலம், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கொடுத்து, அவர்களுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்பதையும் கொடுத்தால் கணினி தானே கற்றுக்கொண்டுவிடும். பிறகு புதிதாக வரும் ஒருவரைப் பார்த்து, இவருக்கு ஆபத்து நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும். வேலையில் சேர்ந்த அன்று டாக்டர் அவளிடம் இதை விளக்கிவிட்டு, “கேள்வி நம்ம ஃபைல்ல இருக்கு துர்கா, விடை அவங்க வீட்டுல இருக்கு. நீங்க அத வாங்கிக் குடுத்தா போதும்” என்றார்.

அதற்கு முன் அவள் அதே மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தாள். அங்கே தூசி இருந்தது, ஆனால் யாரும் பேசவில்லை. இங்கே பேச்சுதான் எல்லாமே. சிலர், பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லி ஏமாற்றும் அழைப்பு என்று நினைத்துத் திட்டினார்கள். சிலர் வால்வை விட்டுவிட்டு மருமகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தாவின் வீட்டில், அவர் மகனோடு பிரான்சுக்கே போய்விட்டார், அங்கே வேறு டாக்டர் பார்க்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அவருக்கு, தொடர்பு விட்டுப்போனது என்ற கட்டத்தை நிரப்பினாள்.

“அவரு இல்லம்மா” என்று சொன்னவர்களும் நிறையப் பேர். முதல் சில வாரங்கள் அப்படி ஒரு பதில் வந்தால் துர்கா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். பிறகு அது நின்றுவிட்டது. மன்னித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எப்போது, எங்கே, எதனால் என்று அடுத்த கேள்விக்குப் போகப் பழகிவிட்டாள். அது நல்லதா கெட்டதா என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை. சாயங்காலம் ஸ்கூட்டியில் கருவடிக்குப்பத்துக்குத் திரும்பினால் வீட்டில் யாரோடும் வாய் திறக்கப் பிடிக்காது. பத்தாவது படிக்கும் மகள் எதையாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். கணவன் செல்வகுமார் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவன் வரும்போது இவள் தூங்கியிருப்பாள், இவள் எழும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான்.

புரட்டாசியில் ஒரு நாள் நாராயணசாமி என்பவரின் எண்ணை அழைத்தாள். ஐம்பத்திரண்டு வயது, குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுநர், மூலக்குளம். முந்தைய ஆண்டு மார்கழியில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். மறுமுனையில் ஒரு பெண் எடுத்தார். பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம். இட்லி மாவு அரைத்து விற்பவராம்.

துர்கா வழக்கமான வார்த்தைகளைச் சொன்னாள். கிரைண்டர் நின்றது.

“அவரு இல்லையேம்மா. ஆஸ்பத்திரிக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சொல்ல துர்காவுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலாட்சி. கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பொங்கல் கழிந்த வாரம், தலைவலி என்று படுத்தவர், ஆம்புலன்சில் போகும் வழியிலேயே போய்விட்டார். பக்கத்து மருத்துவமனையில், மூளையில் ரத்தம் கசிந்திருக்கும் என்றார்கள். அறுத்துப் பார்க்கவில்லை. எதனால் கசிந்தது என்று தனக்குத் தெரியாது. அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அவசரமாகச் சொன்னது போல் துர்காவுக்குத் தோன்றியது. ஆனால் அன்றைக்கு இன்னும் நிறைய எண்கள் பாக்கி இருந்தன. காரணம் தெரியவில்லை என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்தவருக்குப் போனாள்.

மறுநாள் அஞ்சலாட்சியே அழைத்தார். எதற்காக இதையெல்லாம் கேட்கிறீர்கள் என்று அறிய விரும்பினார். துர்கா கணினியைப் பற்றித் தனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னாள். அப்படியென்றால் அவர் விவரத்தை அதில் போட்டுப் பார்த்தால் அவர் ஏன் செத்தார் என்று அது சொல்லுமா என்று அவர் கேட்டார். அது அப்படிச் சொல்லாதுங்கக்கா, யாருக்கு வரும், யாருக்கு வராது என்று மட்டும்தான் சொல்லும் என்றாள் துர்கா. அவரும் சரி என்று வைத்துவிட்டார்.

இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் அழைத்தார். அதற்கு அடுத்த வாரமும். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சின்ன விஷயத்தைக் கேட்பார். கீரை சாப்பிட்டால் ஏதாவது ஆகுமா, மாடிப்படி ஏறினால் ஆகுமா என்று. துர்காவுக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. அந்த எண்ணைத் திரையில் பார்த்ததும் எடுக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஒருமுறை அப்படி விட்டும்விட்டாள். மறுநாள் எடுத்தபோது, அஞ்சலாட்சி எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னார்:

“நான் ஒரு மாத்திர குடுத்தேம்மா.”



“முதுவு வலி முதுவு வலின்னு துடிச்சாரு. ஆஸ்பத்திரில குடுத்தது கேக்கல. எனக்கு முட்டி வலிக்கு மெடிக்கல்ல வாங்கி வச்சிருந்தது இருந்துது. ரெண்டு நாளு குடுத்தேன். மூணாம் நாளு தலைவலின்னாரு. டிஸ்சார்ஜ் அன்னைக்கி நர்ஸம்மா சொன்னாங்க, கேக்காம எந்த வலி மாத்திரையும் குடுக்கக் கூடாதுன்னு. நாந்தான் தலையாட்டிட்டு வந்தேன்.”

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் முகிலனிடமும் இல்லை, பக்கத்துத் தெருவில் இருக்கும் கொழுந்தன் இராமதாசிடமும் இல்லை. முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்வது சுலபமாக இருந்திருக்க வேண்டும். உங்க கம்ப்யூட்டர்ல அவர போட்டுப் பாத்து சொல்லும்மா, நான் குடுக்கலனாலும் போயிருப்பாரான்னு மட்டும் தெரிஞ்சா போதும் என்றார்.

உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும், அதோடு சில வலி மாத்திரைகள் சேர்ந்தால் ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு என்பது துர்காவுக்குத் தெரியும். அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவளால், உங்கள் மேல் தப்பு இல்லை என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. டாக்டரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

டாக்டர் இளஞ்செழியனைப் பிடிப்பது எளிதல்ல. காலையில் அறுவை அரங்குக்குள் போனால் மாலையில்தான் வெளியே வருவார். முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் பதிந்திருக்கும். துர்கா விஷயத்தைச் சொன்னபோது நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். மாத்திரை விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை என்று பட்டது. இது அதற்கான கருவி இல்லை துர்கா, செத்தவருக்கு ஜாதகம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றார் அவர். அவளும் எழுந்து வந்துவிட்டாள்.

ஆனால் பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். திட்டத்தின் முதல் வடிவம் அப்போதுதான் தயாராகியிருந்தது. நாராயணசாமியை ஒதுக்கிவிட்டு மற்றவர்களை வைத்து மட்டும் கணினிக்குக் கற்பித்து, பிறகு அவருடைய அறுவைக்கு முந்தைய விவரங்களைக் கொடுத்துப் பார்த்தாராம். நூற்றுக்கு மூன்று.

“ரொம்பக் கம்மி. இப்ப என்கிட்ட வந்தாலும் யோசிக்காம ஆபரேஷன் பண்ணுவேன். யாராலயும் முன்னாடியே சொல்லியிருக்க முடியாதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க. ஆறுதலா இருக்கும்.”

துர்காவுக்கும் அது ஆறுதலான செய்தி என்றுதான் தோன்றியது. யாருக்கும் தெரியாது என்றால் யார் மேலும் தப்பு இல்லை என்றுதானே ஆகும். அன்று மதியமே அழைத்தாள். கணினி சொன்னதைச் சொன்னாள். ஆபத்து நூற்றுக்கு மூன்றுதான் என்று சொன்னதாக, கொஞ்சம் மகிழ்ச்சியோடேகூடச் சொன்னாள்.



“அப்ப பொழச்சிருக்க வேண்டியவருதான்” என்றார் அஞ்சலாட்சி.

தொடர்பு அறுந்தது. துர்கா கையில் போனோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நூறில் தொண்ணூற்றேழு பேர் பிழைப்பார்கள் என்றால், பிழைக்காதவருக்கு நடுவில் யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். யார் செய்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். திரும்ப அழைத்தாள், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எடுக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. துர்காவுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. யாரோ ஒருவர், நன்றாக இருக்கிறேன், தினமும் நடக்கிறேன் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் காதில் அந்த ஒரு வாக்கியமே கேட்டுக்கொண்டிருந்தது. இது தன் வேலை இல்லை என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு மூலக்குளத்துக்குக் கிளம்பினாள். வில்லியனூர் சாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு இடத்தில் வண்டியை இறங்கித் தள்ளினாள். புடவை நனைந்து, எதற்காக வந்தோம் என்று எரிச்சல் வந்தபோதுதான் ‘இங்கு இட்லி மாவு கிடைக்கும்’ என்று எழுதிய அட்டை தொங்கிய வீட்டைக் கண்டுபிடித்தாள்.

அஞ்சலாட்சி அவள் நினைத்ததைவிட இளையவராக இருந்தார். நாற்பத்தைந்து இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. யார் என்று சொன்னதும் உள்ளே வரச் சொல்லி, தலை துவட்டத் துண்டு கொடுத்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

“நான் சொன்னத தப்பா எடுத்துக்கிட்டீங்கக்கா” என்று துர்கா தொடங்கினாள்.

“இல்லம்மா. சரியாத்தான் எடுத்துக்கினேன்.”

சமாதானம் சொல்ல வந்தவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. மாவு வாங்க ஒருவர் வந்து போனார். திரும்பி வந்து உட்கார்ந்த அஞ்சலாட்சி, யாரும் கேட்காமலே அந்த நாட்களைச் சொல்லத் தொடங்கினார். முதன்முறையாக முழுதாகச் சொல்கிறார் என்பது அவர் தடுமாறிய விதத்திலேயே தெரிந்தது.

ஆபரேஷன் முடிந்து வந்தவரின் நெஞ்சிலிருந்து கடிகாரம் போல ஒரு சத்தம் வரும். பக்கத்தில் படுத்தால் கேட்கும். முதலில் அவருக்கே பயமாக இருந்தது. அப்புறம், வண்டி ஐட்லிங்கில் நிக்குது பாரு என்று சிரித்தாராம். வலி மட்டும் விடவில்லை. நெஞ்சைப் பிளந்து தைத்தது முதுகிலும் தோளிலும் இறங்கியிருந்தது. பொங்கலன்று எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் சாப்பிட்டார். அந்த வாரம் ரத்தம் பரிசோதிக்கப் போக வேண்டியது. முதல்நாளே போன் பண்ணிக் கேட்டதற்கு, பொங்கல் லீவு, லேப் இல்லை, அடுத்த வாரம் வாங்க, ஒண்ணும் ஆகாது என்றார்கள். சரி, அலைய வேண்டாம் என்று அவருக்கும் சந்தோஷம்தான். அந்த நாட்களில்தான் அவருக்கு வலி பொறுக்க முடியாமல் போய், இவர் மாத்திரையைக் கொடுத்தார்.

“இருங்கக்கா” என்றாள் துர்கா. “டெஸ்ட்டுக்கு வர வேணாம்னு அவங்களே சொன்னாங்களா?”

“வேணாம்னு சொல்லல. அடுத்த வாரம் வரச் சொன்னாங்க.”

அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று அடிக்கடி பார்க்க வேண்டும். முதல் மாதத்தில் ஒரு வாரம் தள்ளிப்போவதுகூடப் பெரிய விஷயம். கூடுதலாக இளகியிருந்தால் அளவைக் குறைப்பார்கள். துர்கா அதை அஞ்சலாட்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு பாதிச் செய்தியாக ஆகிவிடும் என்று பயந்தாள். ஒருமுறை சொல்லிப் பார்த்து என்ன ஆயிற்று என்று தெரியுமே. டாக்டரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். போகும்போது, மாத்திரை விஷயத்தையும் அவரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். அஞ்சலாட்சி கொஞ்சம் யோசித்து, சொல்லு என்றார்.

திங்கட்கிழமை மாலை டாக்டரிடம் சொன்னாள். இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. கணினியில் நாராயணசாமியின் விவரங்களைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஃபைல்ல டெஸ்ட் நடக்கலன்னு பாத்தேன். பேஷன்ட் வரலன்னு நானேதான் போட்டேன்” என்றார். “நிறையப் பேர் அப்படித்தான் வராம இருப்பாங்க. இவரும் அப்படின்னு நெனச்சிட்டேன்.”

யாருடைய குற்றம் என்று துர்கா கேட்டாள். மாத்திரையாக இருக்கலாம், ரத்தம் ஏற்கெனவே அளவுக்கு மேல் இளகியிருந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்திருக்கலாம், இரண்டுமே இல்லாமலும் வந்திருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆனால் பரிசோதனை செய்திருந்தால் ஒரு வாய்ப்பு இருந்தது. அது மட்டும் நிச்சயம். எல்லாப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இதுதான் நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. கணினிக்கு மட்டும்தான் தெரியாது.

“இத நீங்க அவங்ககிட்ட சொல்லணும் சார். நான் சொன்னா சரியா வராது.”

“சொல்றேன்” என்றார் அவர்.

சொன்னாரே தவிர, வாரங்கள் போயின. ஒரு நாள் அவசர அறுவை, ஒரு நாள் கூட்டம், ஒரு வாரம் முழுக்க மாநாடு. துர்கா அவ்வப்போது நினைவுபடுத்தினாள். அவர் ஒவ்வொரு முறையும் தலையாட்டினார். அவர் தட்டிக்கழிக்கிறாரா, நிஜமாகவே நேரம் இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். துர்கா இதையெல்லாம் அஞ்சலாட்சியிடம் மறைக்கவில்லை. இப்போது அந்த அம்மா போனை எடுத்தார். டாக்டர் வருவார், ஆனால் எப்போது என்று தெரியாது என்றாள். வரட்டும், நான் எங்க போகப்போறேன் என்றார் அவர்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டரே துர்காவை அழைத்து, இன்றைக்குப் போகலாமா என்று கேட்டார். தன் காரிலேயே அழைத்துப்போனார். முகச்சவரம் செய்துகொள்ளாமல், கசங்கிய சட்டையோடு இருந்தார். இரவு அறுவை செய்த ஒருவர் பிழைக்கவில்லை என்று மட்டும், மூலக்குளம் நெருங்கும்போது சொன்னார். இன்னொரு நாள் வரலாமே சார் என்றாள் துர்கா. இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் வர மாட்டேன் என்றார் அவர்.

அஞ்சலாட்சி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டாக்டர் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சொல்ல வேண்டியதை எந்தச் சுற்றி வளைப்பும் இல்லாமல் சொன்னார். பரிசோதனை அந்த வாரம் நடந்திருக்க வேண்டும். லீவு என்று தள்ளிப்போட்டது மருத்துவமனை. அப்படித் தள்ளிப்போடக் கூடாது என்று தெரிந்தும் தான் அதைத் தடுக்க ஏற்பாடு எதுவும் செய்து வைத்திருக்கவில்லை. நாராயணசாமி வரவில்லை என்று பதிவு செய்ததும் தான்தான். அது பொய்யான பதிவு.

“அப்ப நான் குடுத்த மாத்திர?” என்று கேட்டார் அஞ்சலாட்சி.

“அதுவும் காரணமா இருக்கலாம்மா. இல்லன்னு சொன்னா உங்களுக்கே நம்பிக்க வராது.”

அஞ்சலாட்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கத்துவார் என்றோ அழுவார் என்றோ துர்கா எதிர்பார்த்தாள்.

“அப்ப ரெண்டு பேருந்தான் சார்.”

“ஆமாம்மா” என்றார் டாக்டர். “ரெண்டு பேருந்தான்.”

அஞ்சலாட்சி எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. உள்ளே குழாய் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. டீ போடட்டுமா என்று கேட்டார். டாக்டர் வேண்டாம் என்று சொல்லப்போனவர், சரி என்றார். மூவரும் டீ குடித்தார்கள்.

பிறகு நடந்தவை அவ்வளவு அமைதியாக இல்லை. டாக்டர் வந்து போனது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கொழுந்தன் இராமதாஸ் வந்து கேட்டார். பரிசோதனையைத் தள்ளிப்போட்டதைக் கேட்டதும் கொதித்துப்போய், மருத்துவமனை மேல் புகார் கொடுக்கிறேன் என்று கிளம்பினார். அப்போது அஞ்சலாட்சி மாத்திரை விஷயத்தையும் சொன்னார். அதைச் சொல்லாமல் இதை மட்டும் எழுதிக்கொடுப்பது சரியில்லை தம்பி என்றாராம். அதைக் கேட்டதும் இராமதாஸ் எழுந்து போனார். ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் புகார் கொடுத்தார். மருத்துவமனையிலிருந்து வருத்தம் தெரிவித்து, ஒன்றையும் ஒப்புக்கொள்ளாத ஒரு பதில் வந்தது. டாக்டரை நிர்வாகம் கூப்பிட்டு, யாரைக் கேட்டு அந்த வீட்டுக்குப் போனீர்கள் என்று விசாரித்தது. அவர் துர்காவின் பெயரைச் சொல்லவில்லை. பண்டிகை நாட்களிலும் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்டார். இழுத்தடித்துப் பாதி நாளுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

மகனிடம் சொல்வதுதான் அஞ்சலாட்சிக்குக் கடினமாக இருந்தது. சித்தப்பா சொல்லி அவனுக்குத் தெரிவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று, இராமதாசிடம் சொன்ன அன்று மாலையே போன் பண்ணினார். முகிலன் கேட்டுக்கொண்டே இருந்தான். முடிந்ததும், அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிட்டான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் பேருந்தில் வந்து இறங்கினான். அம்மாவைப் பார்த்து, இத்தனை நாளாக இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினாய் என்று கேட்டானாம். தூங்கல என்றாராம் இவர். அவன் நான்கு நாள் இருந்தான். மாவு அரைத்துக்கொடுத்தான், பாத்திரம் கழுவினான். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. இன்னும் எடுக்கவில்லை. எடுப்பானா என்று தெரியவில்லை, ஆனா இப்பல்லாம் தெனம் போன் பண்றான் என்று அஞ்சலாட்சி துர்காவிடம் சொன்னார்.

நாராயணசாமியின் பதிவில் ‘நோயாளி வரவில்லை’ என்பதை டாக்டர் நீக்கிவிட்டார். அந்த இடத்தில் என்ன போடுவது என்று கல்லூரிக்காரர்களிடம் கேட்டார். மருத்துவமனை லேப் மூடியிருந்தது என்பதற்குத் திட்டத்தில் கட்டம் இல்லை. புதிதாகச் சேர்க்கலாம், ஆனால் பழைய பதிவுகள் எல்லாவற்றிலும் அதைத் தேடி நிரப்ப வேண்டும் என்றார்கள். அந்த வேலையும் துர்காவுக்கே வந்தது. மறுபடியும் எல்லோரையும் அழைத்து, பரிசோதனைக்கு வராத நாளில் நீங்களாக வரவில்லையா, நாங்கள் வர வேண்டாம் என்றோமா என்று கேட்டாள். பலருக்கு நினைவில்லை. நினைவிருந்தவர்களில் பலர், நீங்கள்தான் லீவு என்றீர்கள் என்றார்கள். புதிய கட்டத்தோடு திரும்பக் கற்பித்தபோது கணினி முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகச் சொல்கிறது என்று கல்லூரிக்காரர்கள் சொன்னார்கள். கொஞ்சம்தான்.

பங்குனியில் திட்டம் முடிந்தது. துர்காவைத் திரும்பப் பதிவேட்டுப் பிரிவுக்கே போகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிட்டுப் போகலாம் என்று மூலக்குளத்துக்குப் போனாள். போகும் வழியெல்லாம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அஞ்சலாட்சி ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. சாப்பிடச் சொன்னார். கத்திரிக்காய்க் குழம்பும் அப்பளமும் வைத்தார். வெயில் தாழட்டும், அப்புறம் போ என்றார். துர்கா சுவரோரம் பாயில் சாய்ந்தாள். அந்த அம்மா ஏதோ தெருக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். யார் வீட்டிலோ கல்யாணம், யாரோ கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று. பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதில் எதுவும் இல்லை. எழுதிக்கொள்ள வேண்டியதும் இல்லை. துர்கா உம் கொட்டிக்கொண்டே இருந்தவள், எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியவில்லை.

விழித்தபோது வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. தலைக்கு அடியில் ஒரு தலையணை இருந்தது. மேசை மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். வாசலில் அஞ்சலாட்சி மாவு வாங்க வந்த யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பொண்ணு தூங்குது, மெதுவா பேசு என்றார்.